பிரேக் மாமா வைத்த டிப்ஸ்

"தேங்க்ஸ் சொல்லியாச்சு இல்ல, அப்புறம் எதுக்குப்பா காசும் வைக்கிறீங்க?"

பிரேக் மாமாவின் மகள் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்குப் பால்பற்கள்கூட முழுசாக விழுந்திருக்கவில்லை. ஓர் உணவகத்தில், தட்டுகளை எடுக்க வந்த பெண்ணின் காதில் விழும்படி உரக்கவே கேட்டுவிட்டாள். அம்மா அவள் தொடையைக் கிள்ளப் போனாள். அப்பா அசரவில்லை. "தேங்க்ஸ் நம்ம வாய் நல்லா இருக்க. காசு அவங்க வீட்டு அடுப்பு எரிய" என்றார்.

இப்படி ஒரு பதில் தன் வாயிலிருந்து வந்ததில் அவருக்கே பெருமை பிடிபடவில்லை. அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டக் கற்க வருகிறவர்களுக்குச் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் சொன்னார். அவர்களுக்கும் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

மாமா நடத்துவது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. பள்ளி என்றால் ஒரு வெள்ளைக் கார், அதன் தலையில் ஒரு பலகை, உள்ளே மாமா. கற்றுக்கொள்கிறவரின் காலடியில் இருப்பதுபோல மாமாவின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அந்தக் கால் தனியாகவே ஒரு புத்தி வளர்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, படத்தில் யாராவது திருப்பத்தில் வேகமாக வந்தால், கால் தரையை அழுத்தும். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய வேறு பெயர் தெரியாது. தெரிந்தவர்களும் கூப்பிடுவதில்லை.

எதிலும் தயங்காத மனிதர். காலையில் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, கண்ணை மூடி, "இன்னிக்கு யார் மேலயும் படாம வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்துடு" என்று கடவுளிடம் சொல்வார். சொன்ன பிறகு அவருக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. டிப்ஸ் வைப்பதிலும் அப்படித்தான். பத்தில் ஒரு பங்கு. சில்லறையாகக் கொட்டக் கூடாது. பரிமாறியவரைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்கக் கையில் திணிக்கக் கூடாது. பில் வந்த சிறு தட்டில் மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். லைசென்ஸ் கிடைத்த மகிழ்ச்சியில் அவருடைய சட்டைப் பையிலும் பலர் ஏதாவது திணித்துவிட்டுப் போவார்கள். வாங்கிப் பழகிய கை என்பதால் கொடுக்கும் முறையும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இத்தனை முறை தெரிந்த மனிதருக்குத்தான் அது நேர்ந்தது.

மகள் வளர்ந்து, தனக்குப் பிடித்த ஒருவனைச் சொன்னாள். பையனின் அப்பா பல் டாக்டர். இரண்டு குடும்பமும் ஒரு மதிய வேளையில் உணவகம் ஒன்றில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. பல் டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் தொழில் அவரிடம் ஒரு பழக்கத்தைப் பதித்திருந்தது. எதிரே இருப்பவர் வாய் நிறையச் சாப்பாட்டை வைத்திருக்கும்போதுதான் கேள்வி கேட்பார். பதில் வராததற்குப் பழகியவராதலால், அடுத்த கேள்விக்குத் தானே போய்விடுவார். அதோடு கையிறுக்கமும் உண்டு. மேஜையிலிருந்த மெல்லிய துடைப்புக் காகிதத்தை இரண்டாகக் கிழித்து, பாதியால் வாயைத் துடைத்து, மீதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாமாவின் மனைவி அதைப் பார்த்தாள். பார்த்ததை மேஜைக்கு அடியில் கணவரின் காலை ஒரு மிதி மிதித்துத் தெரிவித்தாள். அவர் கால் பழக்கதோஷத்தில் திருப்பி மிதித்தது.

சாப்பாடு நன்றாக நடந்தது. பரிமாறிய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். யாருக்கு என்ன வேண்டுமென்று கேட்டுக் குழப்பாமல், முகத்தைப் பார்த்தே கொண்டுவந்து வைத்தாள். பில் வந்தது. அங்கேதான் போர் மூண்டது.

சம்பந்தி ஆகப்போகிற இருவர் ஒரு பில்லைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவர் பர்ஸை எடுக்க, அவர் இவருடைய கையைப் பிடிக்க, இவர் நாற்காலியோடு திரும்ப, அவர் எழுந்து நிற்க, பக்கத்து மேஜைக்காரர் தன் தண்ணீர்க் குவளையைப் பத்திரப்படுத்திக்கொண்டார். "கையை எடுங்க சம்பந்தி, இது எங்க விருந்து" என்றார் மாமா. அப்படியானால் நாங்கள் வயிற்றை நிரப்பத்தான் வந்தோமா என்று பல் டாக்டர் கேட்டார். பரிமாறிய பெண், வங்கி அட்டை தேய்க்கும் சிறிய மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் நீட்டினாலும் பாவம் என்பதுபோல நடுவில் நின்றாள்.

மாமா மெஷினை எட்டிப் பிடித்துவிட்டார். மகளின் வற்புறுத்தலால் அண்மையில்தான் அவர் அட்டை வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அட்டையைச் செருகினார். மெஷினில் ஏதோ எழுத்து வந்தது. மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து மாட்டுகிற நேரத்தில் சம்பந்தி மெஷினைப் பறித்துவிடுவார். ரகசிய எண்ணைத்தான் கேட்கும், வேறென்ன கேட்கப் போகிறது என்று நான்கு எண்களையும் தட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். மெஷின் மறுபடியும் கேட்டது. எந்திரத்துக்கும் காது மந்தம்போல என்று முணுமுணுத்துவிட்டு, அதே எண்களை இன்னொரு தடவை தட்டினார். சீட்டு வெளியே வந்தது.

அந்தப் பெண் சீட்டைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

"சார், தொகை சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க."

"சரியாத்தான் இருக்கும். எடுத்துக்கோம்மா."

"எல்லாமேவா சார்?"

"எல்லாந்தாம்மா."

வென்றவனின் குரல் அது. அவள் கை கூப்புவதுபோலச் சீட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்னொரு பிரதி மேஜையில் இருந்தது. பல் டாக்டர் அதை எட்டிப் பார்த்தார். அவருடைய புருவம் மேலே போயிற்று, போன இடத்திலேயே நின்றது. அன்று முதல் முறையாக அவர் எதையும் கேட்கவில்லை.

மாமாவுக்கு விஷயம் தெரிந்தது திரும்பி வரும் வழியில். மாமாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். கிளட்ச் தேய்ந்துபோயிருந்ததால், ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி உதறிக்கொண்டுதான் கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சீட்டைப் பிரித்துப் படித்தாள்.

"ஏங்க, நாம சாப்பிட்டுட்டு வந்தோமா, இல்ல அந்தக் கடையையே விலைக்கு வாங்கிட்டு வந்தோமா?"

சாப்பிட்ட செலவு ஒரு வரியில் இருந்தது. அதற்குக் கீழே, சேவைக்காக என்ற வரியில், சாப்பாட்டைப் போல நாலு மடங்கு: நாலாயிரத்து எழுநூற்றுப் பதினாறு. பின் இருக்கையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது உங்க பின் நம்பர்" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. மெஷின் முதலில் கேட்டது டிப்ஸ் எவ்வளவு என்று. ரகசிய எண்ணைக் கேட்டது இரண்டாவது தடவைதான்.

அடுத்த சிக்னலில் வண்டி உதறியபோது அவள் சிரிப்பும் நின்றது. ஏனென்றால், கிளட்ச் மாற்ற மெக்கானிக் கேட்டிருந்த தொகையும் ஏறக்குறைய அதுதான். மாமா அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அந்த அட்டையில் வைத்திருந்தார். கிளட்ச் இல்லாவிட்டால் வண்டி இல்லை. வண்டி இல்லாவிட்டால் பள்ளி இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பலகையின் கீழே உட்கார வைத்துக் கதையா சொல்ல முடியும்?

"அவ ரெண்டு தடவை கேட்டாளே, அந்தப் பொண்ணு" என்று மனைவி சொன்னாள். "கொடைவள்ளல் மாதிரி தலையை ஆட்டினீங்க."

"நாளைக்குப் போய் நேரா கேட்டு வாங்கிடறேன். தப்புன்னா தப்புதானே. இதுல என்ன இருக்கு?"

அதில் என்ன இருக்கிறது என்பது மாலையில் தெரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. குரல் வேறு மாதிரி இருந்தது, நனைந்த துணிபோலக் கனமாக.

"சம்பந்தி, என் பக்கத்துல நின்னு எச்சில் உறிஞ்சற டியூப் பிடிக்கிற பொண்ணு ஒருத்தி இருக்கா. எத்தனையோ வருஷமா இருக்கா. சம்பளத்துக்கு மேல அவளுக்கு நான் ஒரு மிட்டாய் வாங்கித் தந்ததில்ல. பல்லுக்குக் கெடுதல்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு உங்களைப் பாத்துட்டு நேரா கிளினிக் போனேன். ஒரு மாசச் சம்பளத்தைத் தனியா எடுத்து அவ கையில கொடுத்தேன். அழுதுட்டா. இப்படி ஒரு வீட்டுலதான் என் பையன் பொண்ணு எடுக்கணும்."

மாமா எத்தனையோ விபத்தைக் கடைசி நொடியில் நிறுத்தியவர். அன்று அவர் காலடியில் எதுவுமே அகப்படவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி" என்றார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு டாக்டர் இன்னும் உருகினார்.

போனை வைத்த பிறகு வீட்டில் ஒரு சின்ன நீதிமன்றம் கூடியது. மனைவியின் கட்சி எளிமையானது: போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும், சம்பந்தியிடம் மூச்சு விடக் கூடாது. பெண்ணின் நல்லதுக்குச் சொல்லாமல் விடுவது பொய்யில் சேராது என்பது அவள் வாதம். மகளுக்கு அது ஒப்பவில்லை. "வாழ்க்கை பூரா அவர் உங்களைப் புகழுவார்ப்பா. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு எங்க பாக்கறது, சுவத்தையா?" என்றாள். பணத்தை விட்டுவிட்டால் புகழ் உண்மையாகிவிடும் என்று மாமாவுக்கே ஒரு யோசனை வந்தது. கிளட்சை நினைத்ததும் அது போய்விட்டது.

காலையில் ஸ்டியரிங்கின் மேல் கை வைத்தபோது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது அவருக்குத் தெளிவாக இருந்தது. பணம் வேண்டும், பொய் வேண்டாம். இரண்டு பேரிடமும் போக வேண்டியதுதான். முதலில் உணவகம்.

மதியக் கூட்டம் கலைந்த நேரம். உணவகத்தில் வேலை செய்கிறவர்கள் அப்போதுதான் ஒரு மூலை மேஜையில் தங்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தாள். ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். கேட்காமலே ஒரு தேநீர் வந்தது. கோப்பையின் தட்டுக்கு அடியில் ஒரு காகித உறை எட்டிப் பார்த்தது.

"எதையாவது மறந்து வெச்சுட்டுப் போனீங்களா சார்?" என்று அடுத்த மேஜைக்கும் கேட்கும்படி கேட்டாள்.

மாமாவுக்குப் புரியவில்லை. "இல்லம்மா. காசைத்தான் திருப்பிக் கேக்க வந்தேன்" என்றார், அதே உரத்த குரலில். "மெஷின் என்ன கேக்குதுன்னு பாக்காம பின் நம்பரைப் போட்டுட்டேன். வண்டிக்கு கிளட்ச் மாத்தணும். இல்லைன்னா உனக்கே விட்டிருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி விவரம் சொன்னாள். அந்த மெஷின் வந்ததிலிருந்து இப்படி அடிக்கடி நடக்கிறது. அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். அளவுக்கு மீறி வருகிற டிப்ஸை அன்றே கல்லாவிலிருந்து எடுத்து, உறையில் போட்டு ஒட்டி வைத்துவிடுவார்கள்.

"பெரிய காசு ஒரு வாரம் தூங்கணும் சார். யாரும் வரலைன்னா எழுப்பிப் பங்கு வெச்சுக்குவோம்."

"வர்றவங்க உண்டா?"

"உண்டு. ஆனா உங்களை மாதிரி யாரும் கேக்க மாட்டாங்க. குடையை மறந்துட்டேன்னு வருவாங்க. கண்ணாடியைக் காணோம்னு வருவாங்க. நாங்களும் மேஜைக்கு அடியில குனிஞ்சு கொஞ்ச நேரம் தேடுவோம். தேடிட்டு, 'இதுவா பாருங்க'ன்னு கவரைக் கொடுத்துடுவோம். அவங்களும் இதுதான்னு வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க."

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவன் கூனிக் குறுகாமல் இருப்பதற்காக, இல்லாத குடையைக் குனிந்து தேடுகிற மனிதர்கள். மாமா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இதை யார் கற்றுக்கொடுத்தது என்று விசாரித்தார். யாரும் கற்றுத்தரவில்லை என்றாள். முதல் தடவை வந்த ஒருவர் வெட்கத்தில் வாசலிலேயே நின்று திரும்பிப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு தொடங்கியதாம்.

"இன்னொண்ணு சார். முதல்ல பின் நம்பரை மாத்துங்க. சமையல்கட்டு வரைக்கும் தெரிஞ்சுபோச்சு."

மாமா உறையைப் பிரித்து, முந்தைய நாளின் சாப்பாட்டுக்கு உரிய பத்தில் ஒரு பங்கை எடுத்து நீட்டினார். கையில் வாங்குவதில்லை என்று, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த மரப்பெட்டியைக் காட்டினாள். அதில் விழுவதெல்லாம் எல்லோருக்கும் பொது. பரிமாறுகிறவர், சமைக்கிறவர், பாத்திரம் தேய்க்கிறவர் வரைக்கும் சமமாகப் பிரியும். மாமா போய்ப் போட்டுவிட்டு வந்தார். கணக்கு நேராகிவிட்டது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஒன்றைக் கேட்காமல் அவருக்குக் கால் நகரவில்லை.

"எல்லாந்தான்னு சொன்னேனே, அப்ப நீ என்ன நினைச்சம்மா?"

அவள் மேஜைமேல் இல்லாத ஒரு பருக்கையை விரலால் தள்ளினாள்.

"ஒரு நிமிஷம் நம்பிட்டேன் சார். உள்ள போய் எல்லார்கிட்டயும் காட்டினேன். பாத்திரம் தேய்க்கிற அண்ணன் கையை உதறிட்டு வந்து பாத்தார். பாத்துட்டுப் பாட ஆரம்பிச்சுட்டார். அவர் பாடி நாங்க கேட்டதே இல்ல. அப்புறந்தான் கல்லாவுல இருக்கறவர் சொன்னார், பதினாறுன்னு முடியுதே, யாராவது இப்படிக் கொடுப்பாங்களா, இது பின் நம்பர்னு." மறுபடியும் சிரித்தாள். "பரவால்ல சார். பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

குறை சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் உள்ளே போய்த் தைத்தது. மாமா உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளட்சுக்கு வேண்டியது, வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தான் எடுத்துக்கொண்டு போவது உறைக்குள் இருந்ததை மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு மனிதனைப் பாட வைத்து, பாட்டை நடுவில் நிறுத்திவிட்டுப் போகிறோம். அதற்கு எந்த வரியில் கணக்கு எழுதுவது?

அங்கிருந்து பல் டாக்டரின் கிளினிக். போகிற வழியில், முதலில் பேசிவிட வேண்டும், பிறகுதான் உட்கார வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். நடந்தது தலைகீழ். சம்பந்தியைக் கண்ட மகிழ்ச்சியில் பல் டாக்டர் அவரை அணைத்தபடியே கொண்டுபோய் நாற்காலியில் சாய்த்துவிட்டார். கடைவாய்ப் பல் ஒன்று முந்தைய நாள் சாப்பிடும்போதே கண்ணில் பட்டதாம். "ஆ காட்டுங்க" என்றார். மாமா பேசத் திறந்த வாயில் கண்ணாடியும் கொக்கியும் போய்விட்டன.

டியூபைப் பிடித்துக்கொண்டு அந்த உதவியாளர் பெண் குனிந்தாள். மாமாவின் காதருகே, டாக்டருக்குக் கேட்காமல் சொன்னாள்: "உங்களாலதான் சார். ரொம்ப நாளா எங்கம்மாவுக்குக் காதுக்கு மெஷின் வாங்கணும்னு இருந்தேன்."

மாமாவின் கண்ணோரம் நீர் கசிந்தது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று மாமா தலையை ஆட்டினார். அது பொய் இல்லை.

அவள் அடுத்தவரைப் பதிவு செய்ய முன்னறைக்குப் போகும்வரை காத்திருந்தார். கதவு சாத்தியதும் எழுந்து உட்கார்ந்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். மெஷின் கேட்டது, தான் தட்டியது, இன்று திரும்பி வாங்கியது, கிளட்ச். எதையும் பூசி மெழுகவில்லை. கடைசியில், "நீங்க நினைச்ச ஆள் நான் இல்ல சம்பந்தி. இதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. பொண்ணு நல்லவ. அவ எண்ணாமக் கொடுக்க மாட்டா" என்றார்.

பல் டாக்டர் நெடுநேரம் கை கழுவினார். மாமா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகளின் வாழ்க்கை அந்தக் குழாய்த் தண்ணீரில் ஓடிக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"அந்தப் பொண்ணு ரெண்டு தடவை கேட்டாளே. எல்லாந்தான்னீங்களே."

"கண்ணாடி போடல சம்பந்தி."

டாக்டரின் தோள் குலுங்கியது. திரும்பியபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தன் சொந்தப் பல் தெரியும்படி அவர் சிரித்து மாமா அன்றுதான் பார்த்தார்.

"நான் கண்ணாடி போட்டுத்தான் கொடுத்தேன். அதனால என்னோடது செல்லும். திருப்பி வாங்கப் போறதில்ல." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இதை மறைச்சிருந்தீங்கன்னா எனக்கு எப்பவாவது தெரிஞ்சிருக்கும். அப்ப பயந்திருப்பேன். இப்ப பயமில்ல. ஆனா அவகிட்ட சொல்லிடாதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அவ சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம்."

பிறகு, ஏதோ நினைவு வந்தவராக, அப்படியானால் சீட்டில் தான் பார்த்த அந்த எண் என்று இழுத்தார். வரும் வழியிலேயே மாற்றியாகிவிட்டது என்று மாமா சொன்னார். இருவரும் கல்யாணத் தேதியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பல்லுக்கு மட்டும் டாக்டர் காசு வாங்கிக்கொண்டார். மாமாதான் வற்புறுத்திக் கொடுத்தார், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

கிளட்ச் மாற்றப்பட்டது. கல்யாணம் நடந்தது. மகள் வேறு வீட்டுக்குப் போனாள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனால் மாமா, வண்டியில் யாராவது நன்றாகத் திரும்பினாலும், சொன்னபடி நிறுத்தினாலும், நடுநடுவே எங்கேயோ ஒரு பாட்டு பாதியில் நிற்பதுபோல உணர்ந்தார். எல்லாந்தான் என்று சொன்னது அவருடைய வாய். அந்தப் பெண் அதை நம்பினாள். நம்பியது அவளுடைய தப்பு இல்லை. கடவுளிடம் தினமும் ஒன்றைக் கேட்கிற மனிதன், தான் சொன்ன ஒன்றைக் காற்றில் விட்டுவிட்டுப் போகலாமா?

லைசென்ஸ் வாங்கியவர்கள் சட்டைப் பையில் திணிக்கிற பணத்தில் மாமா பூச்செடிகள் வாங்குவது வழக்கம். மொட்டைமாடி முழுக்கத் தொட்டிகள்தான். அந்த வருஷம் புதிதாக ஒரு செடியும் வரவில்லை. "என்ன, இந்தத் தடவை யாருமே பாஸ் பண்ணலையா?" என்று மனைவி கேட்டாள். இருக்கிற செடிக்குத் தண்ணீர் ஊற்றவே நேரம் போதவில்லை என்றார் அவர். அதுவும் உண்மைதான். அந்தப் பணம் வண்டியின் முன் பெட்டியில், துடைக்கும் துணிக்கு அடியில் சேர்ந்துகொண்டிருந்தது. பாஸான ஒவ்வொருவரின் கையும் எவ்வளவு தாராளமோ அவ்வளவு. அவசரப்படுத்த அவருக்கு மனமில்லை. யாரையும் குறுக்கு வழியில் பாஸ் பண்ண வைக்கவும் இல்லை.

அது போதிய அளவு ஆன பிறகு, ஒரு நாள் முற்பகலில், உணவகத்துக்கு இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போனார். அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள். நாற்காலிகள் மேஜைகளின் மேல் இன்னும் கால் நீட்டிக் கிடந்தன. தரை ஈரமாக இருந்தது. உள்ளே சமையல்கட்டில் பாத்திரங்களின் ஓசையும், யாருக்கு எந்த மேஜை என்று பிரித்துச் சொல்கிற அந்தப் பெண்ணின் குரலும் கேட்டன. கூடத்தில் யாரும் இல்லை.

தொட்டியின் பக்கத்துச் சுவரில் பெட்டி இருந்தது. மாமா பணத்தை எடுத்தார். சிறியதும் பெரியதுமாக, பல பேர் போட்டதுபோலத் தோன்றும்படி கலந்துதான் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக மடித்துப் போட்டார். பெட்டியின் வாய் குறுகலானது. ஒரு நோட்டு பாதியில் சிக்கி நின்றது. காரின் சாவியால் அதை மெல்ல உள்ளே தள்ளினார். அந்த மதியம் அவர் வாய் தவறிச் சொன்னது முழுக்க உள்ளே போயிற்று.

யாராவது பார்த்து எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று குழாயைத் திறந்து கை கழுவினார். யாரும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை. துடைக்கத் துணி தேடாமல், ஈரக் கையோடு தெருவில் இறங்கி நடந்தார்.